அண்ணியின் கட்டைவிரல்

காலையில் எடுத்து மீட்டும்போதெல்லாம் கிதார், முந்தின நாள் நான் வைத்துவிட்டுப் போனதைவிட நன்றாக ஒலித்தது. முதலில் இதை என் வளர்ச்சி என்றே நினைத்தேன். காது பழகிவிட்டது, விரல்கள் பழகிவிட்டன, இனி பாட்டு வருவதுதான் பாக்கி என்று எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டேன்.

கிதார் என் அண்ணன் குபாத்துடையது. ராணுவச் சேவை முடிந்து எங்கள் ஊரான அத்பாஷிக்குத் திரும்பியபோது தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். பாசறையில் கற்றுக்கொண்ட, கம்பிகளை விரல்களால் அழுத்தும் மூன்று 'கார்டு' பிடிகளை வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் தெருப் பையன்களுக்கு நடுவில் ராஜாவாக இருந்தான். பிறகு லாரி ஓட்டப் போனான். கணவாய்ச் சாலையில் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து விரல்கள் தடித்துவிட்டன, கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றான். கிதார் சமையலறை ஆணியில் தொங்கியது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு வீட்டிலிருந்தேன். எழுந்து நின்று பதில் சொல் என்றால் எனக்கு வாயே திறக்காது. மாடுகள் எதையும் கேட்பதில்லை. பால் கறந்து, சாணி அள்ளி முடித்த பிறகு கிதாரைக் கீழே இறக்குவேன். கடைத்தெருவில் வாங்கிய பாடப் புத்தகம் ஒன்று இருந்தது; பக்கத்துக்குப் பக்கம் கைப் படங்கள், விரல்களுக்கு எண்கள். விரல் நுனிகள் முதலில் சிவந்தன, பிறகு கொப்பளித்தன, பிறகு தோல் கெட்டியாகி உரிந்தது. அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையோட மாவு பிசையாதடி, ரொட்டியில தோலு வரும்" என்றாள்.

குபாத் மட்டும்தான் கேட்பான். லாரியை நிறுத்திவிட்டு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல், "எங்க, வாசி" என்பான். ஒருநாள் அவனே சொன்னான்:

"பாட்டுக் கிண்ணம் உன் கைக்கு வர்றப்ப, ஒரு பாட்ட நிறுத்தாம முழுசா வாசிச்சுப் பாடிட்டா இந்தக் கிதார் உனக்கு."

"பாடலைன்னா?"

"வேற யாருக்காவது. சும்மா தொங்கறதுக்கா அத்தனை தூரம் ரயில்ல தூக்கிட்டு வந்தேன்?"

குளிர்காலத்தில் எங்கள் உறவுக்காரர்கள் முறை வைத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஆடு அடித்து விருந்து வைப்பார்கள். இறைச்சி முடிந்ததும், புளித்த தினைக்கஞ்சியான போசோ நிரம்பிய கிண்ணம் சுற்றி வரும். யார் கைக்கு வருகிறதோ அவர் பாட வேண்டும். பாடாமல் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. பாட வராதவர் நடு அறையில் நின்று கழுதைபோலக் கத்த வேண்டும். போன குளிர்காலத்தில் நான் கத்தவும் வெட்கப்பட்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடிவிட்டேன். பெரியப்பா ஷாம்பெத் அதை இன்னும் விடவில்லை. தெருவில் பார்த்தாலும், "என்ன புருல், கொட்டகையில சங்கீதம் எப்படிப் போகுது?" என்பார்.

நான் தேர்ந்தெடுத்தது லாரிக்காரர்கள் பாடும் ஒரு சோகப் பாட்டு. அதில் நான்கே பிடிகள். மூன்று வந்துவிட்டன. நான்காவது எஃப். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள்மேலும் ஒரேயடியாகப் படுக்கவைத்து அழுத்த வேண்டும். நான் அழுத்தினால் இரண்டு கம்பி பேசும், மற்றவை மரத்தைத் தட்டியதுபோல டொக்கென்று நிற்கும்.

உருளைக்கிழங்கு தோண்டி முடித்ததும் அண்ணன் கல்யாணம் செய்துகொண்டான். பெண் கொச்கோர் ஊர்க்காரி, பெயர் ஜிபார். எங்கள் வழக்கப்படி அவள் புகுந்த வீட்டில் யாரையும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, ஆளுக்கொரு பெயர் அவளே வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கருவிழி என்று வைத்தாள். எல்லோரும் அழகான பெயர் என்றார்கள். எனக்கு அது பூனைக்குட்டிக்கு வைத்த பெயர்போல இருந்தது.

அவள் செய்வதெல்லாம் சரியாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. தேநீரைக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாக ஊற்றி, திரும்பத் திரும்ப வாங்கிக் குடிக்கும்படி மரியாதையாகக் கொடுப்பாள். நான் ஊற்றினால் விளிம்பில் தளும்பும். 'குடிச்சிட்டுக் கெளம்பு' என்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா சொல்வாள். குபாத் இப்போது லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் பூட்ஸைக் கழற்றினான். அவள்தான் வாங்கி அடுப்போரம் வைப்பாள். என்னிடம் "எங்க, வாசி" என்று கேட்பதை மறந்துவிட்டிருந்தான்.

ஒரு விடியற்காலையில் கன்றுக்குட்டி கத்தி என்னை எழுப்பிவிட்டது. கொட்டகைக்குப் போக எழுந்தவள் சமையலறைத் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பிசைந்த மாவு துணிக்கடியில் உப்பிக்கொண்டிருந்தது. அண்ணி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து என் கிதாரை மடியில் வைத்திருந்தாள். மெல்லிய மூன்று கம்பிகளைத் தளர்த்தி, நடுவிலுள்ளதை உச்சத்தில் வைத்து, எங்கள் நாட்டுப்புற வாத்தியமான கொமுஸுக்குச் சுருதி சேர்ப்பதுபோலச் சேர்த்திருந்தாள். எங்கள் கொமுஸுக்கு மூன்றே கம்பிகள். மற்ற கம்பிகளை அவள் தொடவே இல்லை. பிறந்த வீட்டில் அவள் கொமுஸ் வாசிப்பாள் என்றும், அதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தாள் என்றும் அம்மா சொல்லியிருந்தாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் யாரும் விழித்துவிடாதபடி அவள் மிக மெதுவாக வாசித்தாள். வலது கை கம்பிகளைத் தொடுவதும் காற்றில் விரிவதும் மறுபடி தொடுவதுமாக இருந்தது. முடித்ததும் மரத்தில் காதை வைத்து, திருகாணிகளைத் திருப்பி, ஒவ்வொரு கம்பியையும் கிதாருக்கு உரிய இடத்துக்குக் கொண்டுவந்தாள். புத்தகத்தைப் பார்க்கவில்லை. சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க, நான் நாள் முழுக்கப் போராடுவதைக் கேட்டிருந்த அதே பிடியைப் பிடித்தாள். எஃப்.

ஆறு கம்பிகளும் பேசின.

அவள் ஆள்காட்டி விரலை முழுதாகப் படுக்கவைக்கவில்லை. கொமுஸ்காரர்கள் செய்வதுபோல, கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து தடித்த கம்பியை அழுத்தியிருந்தாள். என் புத்தகத்தில் கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும்; மேலே எட்டிப்பார்க்கும் படத்தின்மேல் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கும். தப்பு, தப்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கொட்டகைக்குப் போனேன். தப்பாகப் பிடித்ததுதான் அவ்வளவு அழகாகக் கேட்டது. கன்றை அன்று கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இழுத்துக் கட்டினேன்.

காலையில் கிதார் நன்றாக ஒலித்தது என் வளர்ச்சியால் அல்ல.

அன்று தேநீரின்போது குபாத் ஏதோ நினைவு வந்தவன்போலக் கேட்டான்.

"என்ன புருல், எஃப் வந்துச்சா?"

"வரும்."

"நம்ம வீட்டு முறை நெருங்குது. இவ கொமுஸ் வாசிப்பா. கொஞ்சம் சொல்லிக் குடுக்கச் சொல்லவா?"

"எனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்."

"என்னடி பேச்சு இது?" என்றாள் அம்மா.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சமோவாரின் குழாயைத் துடைத்தாள். அவள் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று யோசித்தேன். சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. எனக்குத்தான் பாட்டு, கிண்ணம், நிபந்தனை எல்லாம். புருஷன் பொருள் பெண்டாட்டிக்குப் போக எந்த நிபந்தனையும் வேண்டாம். நான் ஒருமுறை தடுமாறினால் போதும், 'சரி, நீயே வெச்சுக்கோ' என்று அவன் அவள் பக்கம் நீட்டிவிடுவான்.

அன்றே கிதாரைச் சமையலறையிலிருந்து எடுத்து, பெரிய அறையில் அப்பா உட்காரும் தலைமாட்டுக்கு மேலே மாட்டினேன். மருமகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. மாமனார் உட்காரும் இடத்தில் காலே வைக்க மாட்டாள்.

"என்னம்மா இது, என் தலைக்கு மேல?" என்றார் அப்பா.

"அடுப்புச் சூடு மரத்துக்கு ஆகாதுப்பா."

"விழுந்தா என் மண்டைக்கும்தான் ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கிதார் நாளுக்கு நாள் மோசமாக ஒலித்தது. திருகாணியை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். ஒரு கம்பி சரியானதுபோல இருந்தால் பக்கத்துக் கம்பி அதோடு சண்டை போட்டது. எந்தக் கம்பி பொய் சொல்கிறது என்று என் காதுக்குத் தெரியவில்லை. அவளுடைய காதுக்குத் தெரியும். கேட்டால் ஒரு நொடியில் செய்து கொடுத்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்காமலே இருந்தேன்.

எங்கள் வீட்டு முறை வந்தது. காலையிலிருந்து பனி. விருந்தாளிகளுக்குப் பெரிய அறையில் மெத்தைகள் விரிக்கும் வேலை அண்ணிக்கு. அன்று ஒருநாள் மட்டும் தலைமாடுவரை அவள் போகலாம். நான் வெளியே கொப்பரையில் இறைச்சி வெந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஜிபார்! வந்துட்டாங்க, தண்ணி கொண்டா" என்று அம்மா முற்றத்திலிருந்து கத்தியதும் அண்ணி குடத்தோடு ஓடிவந்து பெரியவர்களின் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றியதும் நினைவிருக்கிறது. அவள் முகம் சிவந்திருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

இறைச்சி முடிந்து கிண்ணம் கிளம்பியது. அப்பா பாடினார். ஒரு சித்தி பாதிப் பாட்டை மறந்து, மற்றவர்கள் எடுத்துக்கொடுக்க முடித்தாள். பெரியப்பா பாடிவிட்டுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"கொட்டகைக் கதவத் தாழ் போட்டாச்சு. இந்தத் தடவை ஓட முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். குபாத் சிரிக்காமல் என்னையே பார்த்தான். அவனே எழுந்து கிதாரை இறக்கி என்னிடம் கொடுத்தான். நான் முதல் பிடியைப் பிடித்து மீட்டினேன்.

பானைகள் உருண்டு விழுந்ததுபோல ஒரு சத்தம் வந்தது.

"குபாத்து, ராணுவத்துல எதிரிமேல இதத்தான் போட்டீங்களா?" என்றார் பெரியப்பா.

சிரிப்பு அடங்கவே இல்லை. மெல்லிய கம்பி தொளதொளவென்று கிடந்தது. நிமிர்ந்தேன். வாசலருகே தேநீர்ப் பானையோடு நின்ற அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. புரிந்துவிட்டது. மெத்தை விரிக்க வந்தவள் எடுத்திருக்கிறாள். திரும்பச் சேர்ப்பதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

வகுப்பில் ஒருநாளும் திறக்காத என் வாய் அப்போது திறந்தது.

"அண்ணி வாசிக்கட்டும். தினமும் விடியக்காலையில வாசிச்சிட்டுத்தான இருந்தாங்க, யாருக்கும் தெரியாம. இப்பக்கூட அவங்க வாசிச்சிட்டு அப்படியே மாட்டிட்டுப் போயிருக்காங்க."

புது மருமகள், மாமனார் தலைமாட்டில் மாட்டிய பொருளை எடுத்து விளையாடியிருக்கிறாள். அம்மாவின் கை வாய்க்குப் போனது. அண்ணி பானையைக் கீழே வைத்தாள். எனக்கு ஒரு நிமிடம் மிகவும் நன்றாக இருந்தது.

அப்பா தாடியைத் தடவினார். "அப்படியாம்மா? அப்ப உக்காரு. கேப்போம்."

அவள் வாசலருகிலேயே, எல்லோருக்கும் கீழே உட்கார்ந்தாள். நான்தான் எழுந்து போய்க் கிதாரைக் கொடுக்க வேண்டியிருந்தது. தலையைக் குனிந்தபடியே வாசித்தாள். எனக்குப் பானை உருண்ட சத்தம் கொடுத்த அதே கம்பிகளில் குதிரை ஓடியது, தண்ணீர் குடித்தது, மறுபடி ஓடியது. அவள் கை காற்றில் எழுந்து தோள்வரை போய்த் திரும்பிவந்து கம்பியைத் தவறாமல் தொட்டது. பெரியப்பா வாயில் வைத்த எலும்பை எடுக்க மறந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்த்தது குபாத்தை. அவன் அவளையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். என் மூன்று பிடிகளுக்கும் தலையாட்டியவன்தான். ஆனால் ஒருநாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து போய்விடலாம் என்றால் கிண்ணம் முன்னால் இருந்தது.

அவள் முடித்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"போதும்ப்பா, இந்த வீட்டுல கிதார் யாருதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் பெரியப்பா.

குபாத் என்னைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அண்ணி மரத்தில் காதை வைத்திருந்தாள். திருகாணிகள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தாள். எழுந்து வந்து கிதாரை என் மடியில் வைத்தாள். பெரியவர்கள் முன்னால் மருமகள் குரல் உயர்த்தக் கூடாது என்பதால், கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகச் சொன்னாள்:

"கிண்ணம் இன்னும் கருவிழி முன்னாடிதான் இருக்கு."

பெரியப்பா பார்த்தார். "அதுவும் சரிதான். சட்டம்னா சட்டம். பாடு, இல்ல கத்து."

பாடினேன். குரல் நடுங்கியது, கம்பிகள் நடுங்கவில்லை. அவை அவள் வைத்த இடத்தில் நின்றன. முதல் எஃப் வந்தபோது ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்தேன். டொக். கட்டைவிரலை மேலே கொண்டுவந்தால் போதும் என்று தெரியும். வாசலில் நின்று அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டைவிரலைப் பின்னாலேயே வைத்துக்கொண்டேன். அவள் விரலால் வருகிற எஃப் எனக்கு வேண்டாம். அடுத்த எஃப்பும் டொக். அதற்கடுத்ததில் இரண்டு கம்பி பேசியது. எங்கும் நிறுத்தவில்லை. கடைசி வரியில் மூச்சு போதாமல் சொற்களைத் தின்றுவிட்டு, கடைசிப் பிடியைப் பலமாக மீட்டி முடித்தேன்.

"நடுநடுவுல யாரோ கதவத் தட்டுன மாதிரி இருந்துச்சு" என்றார் பெரியப்பா. "ஆனா வண்டி நிக்கல."

"நிக்கல" என்றான் குபாத். "சொன்னா சொன்னதுதான். உன்னுது."

கிண்ணத்தைக் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தேன். கிதாரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இவ்வளவு நாள் இதற்காகத்தான் விரல் தேய்ந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது என் பாட்டை அல்ல. அந்தக் குதிரை ஓடிய மெட்டை.

அண்ணி காலிக் கிண்ணங்களோடு வந்தாள். இருவரும் கழுவத் தொடங்கினோம்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியே" என்றாள்.

"நீங்க தளர்த்தி வெச்சிட்டுப் போயிட்டீங்களே."

"அத்தை கூப்பிட்டுட்டாங்க."

"தெரியும்."

அவள் கண்கள் ஈரமாக இருந்தன. அதைப் பார்க்க எனக்கு நன்றாகவும் இருந்தது, நன்றாக இல்லாமலும் இருந்தது.

"காலையில வேணும்னா எடுத்துக்கோங்க" என்றேன். "ஆனா நான் எழுந்திருக்கறதுக்குள்ள சுருதி சேத்து வெச்சிடணும்."

"சரி."

"எனக்கு எஃப் வர்ற வரைக்கும் நீங்க எஃப் பிடிக்கக் கூடாது. தனியா இருந்தாலும் கூடாது."

அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். "சரி" என்றாள்.

உள்ளேயிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "மருமகளே! அந்தக் குதிரைய இன்னொரு தடவை ஓட்டிக் காட்டும்மா!"

அவள் உடனே போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இனி கேட்க வேண்டியது என்னிடம்தான். நான் கிண்ணம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது எப்போதோ காய்ந்துவிட்டது. "மருமகள எங்க காணோம்?" என்று மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதும் இன்னும் கொஞ்சம் துடைத்தேன்.

"ஒரு தடவைதான்" என்று கிதாரை நீட்டினேன்.