இருநூறும் நானூறும்

சங்ககிரியில் மனிதர்களுக்கும் டயரைப் போலவே விலாவில் தரம் அச்சாகியிருக்கும். முதலில் தேய்மான எண். அடுத்து, ஈரத் தரையில் நேராக வந்து நிற்கும் பிடிமானத்துக்கு ஓர் எழுத்து. கடைசியில் சூடு தாங்குவதற்கு ஓர் எழுத்து. பழைய லாரி டயர் வாங்கி விற்கும் செங்கோடனுக்கு இருநூறு, ஏ, சி. அவன் மனைவி பாவாயிக்கு நானூறு, ஏ, ஏ.

சி என்றால் சீக்கிரம் சூடேறுகிறவன். அதில் அவனுக்குக் கவலையில்லை. பாதி விலைக்குக் கேட்கிறவனிடம் கத்தாமல் வியாபாரம் பண்ண முடியுமா? இருநூறுதான் உறுத்தியது. அவளைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் அவன் தேய்வான். அவன் வழவழவென்று ஆகிப்போகும் நாளில் அவளுக்குப் பாதி ஆழம் மிச்சமிருக்கும். அந்தப் பாதியை அவள் யாரோடு ஓட்டுவாள்?

எண்கள் தனியாக நிற்பதில்லை, எல்லாம் நூறோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான். அந்த நூறு மாரப்பன். பைபாஸ் ஓரம் தினமும் நடந்து தேய்வது அவர் உத்தியோகம். அவரைப் போல இரண்டு மடங்கு நாள் உழைக்கிறவன் இருநூறு, நான்கு மடங்கு உழைக்கிறவன் நானூறு.

செங்கோடன் அவரிடம் பேரத்துக்குப் போனான்.

“அண்ணா, கொஞ்சம் நெழல்ல உக்காருங்க. நீங்க தேயாம இருந்தா, நான் அதுல ரெண்டு பங்கு இருப்பேன்.”

“எனக்கு என்னப்பா கெடைக்கும்?”

“மெத்து மெத்துன்னு ஒரு ஜோடி செருப்பு.”

“ரெண்டு ஜோடி.”

“ஒன்னரை.”

ஒன்றரைக்கு முடிந்தது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான். பாவாயி துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

“ஏனுங்க, அவரு ஒரு வருசம் கூட இருந்தா நீங்க ரெண்டு வருசம் கூட இருப்பீங்க. நான் நாலு வருசமல்ல இருப்பேன்? தனியா இருக்கறதுக்கு எனக்கு இன்னும் ரெண்டு வருசம் வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

செங்கோடன் உட்கார்ந்துவிட்டான். கழுத்து சிவந்து ரப்பர் வாடை அடித்தது. பாவாயி ஈரத் துண்டை அதன்மேல் போட்டாள். ஆவி பறந்தது.

“லாரியில முன் டயர் சீக்கிரம் தேஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“பின்னால மாத்திப் போடுவேன்.”

“அப்பறம் என்னவாம்?”

மறுநாளே இடம் மாறிக்கொண்டார்கள். அவள் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கடை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் அடுப்படிக்குப் போனான். சுவரோரப் படுக்கை அவனுக்கு, கதவோரம் அவளுக்கு.

கொஞ்ச நாள் ஓடவிட்டு, ஒருவர் காலை ஒருவர் மடியில் வைத்து, டயருக்கு ஆழம் பார்ப்பதுபோல குதிகால் பள்ளத்தில் ரூபாய்க் காசைச் செருகிப் பார்த்தார்கள். அவன் பள்ளம் இருந்தபடியே இருந்தது. அவளுடையது ஒரு மயிரிழை குறைந்திருந்தது.

“தேஞ்சிருக்குது,” என்றாள் பாவாயி, முகமெல்லாம் சிரிப்பாக.

அடுத்த நாள் அவன் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் கிடந்த அவள் போன் அடித்தது. பாவாயியின் அம்மா.

“ஏங்கண்ணு பாவாயி, சாப்புட்டியா?”

“இன்னும் இல்லம்மா,” என்றான் செங்கோடன். “கொள்ளு வேகுது.”

“மாப்பிள்ளை இன்னும் கத்தறாரா?”

அவன் சன்னல் வழியே பார்த்தான். கடை வாசலில் பாவாயி ஒரு டிரைவரின் காலடியில் டயரைத் தூக்கிப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தாள்.

“கத்தறாரும்மா,” என்றான். “ஆனா தங்கமான மனுசன்.”