இன்னொரு கிளிப்

என் கணவர் டெனிஸுக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை. அப்படி அவர்தான் சொல்லிக்கொள்வார். எங்கள் வீட்டு மிக்சியைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

என் ஸ்கூட்டரின் பின்சக்கரப் பக்கம் ஒரே ஊளைச் சத்தம். பம்மலில் மெக்கானிக் சின்னப்பனிடம் காட்டினேன். கியர்பாக்ஸ் பேரிங் போய்விட்டது, ஒரு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். டெனிஸ் விடவில்லை.

"ஒரு பேரிங் கழட்ட ஒரு நாளா? உன்னைப் பாத்தாலே ஏமாத்தத் தோணும் ஜெனி. சண்டே நானே முடிச்சிடறேன்."

அந்த ஸ்கூட்டர் வருவதற்கு முன்னால், பீர்க்கன்கரணையிலிருந்து கோவிலம்பாக்கத்தில் இருக்கும் என் ஆபீஸுக்கு வருடக்கணக்காக அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன். கிளம்பும்போது என் துப்பட்டா சரியில்லை. மேடவாக்கம் வந்தால் என் அம்மா வீட்டார் சரியில்லை. இறங்கும்போது என் சமையல் சரியில்லை. இதையெல்லாம் கேட்காமல் வேலைக்குப் போக எனக்கு இருந்த ஒரே வழி அந்த ஸ்கூட்டர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் டெனிஸ் ஐயா கைலியை மடித்துக் கட்டினார். வாசலில் பழைய பேப்பரை விரித்து, போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு, கியர்பாக்ஸ் கேசிங்கைப் பிரித்துப் போட்டார். பேரிங் நழுவாமலிருக்க அதன்மேல் வளைவாக ஒரு கிளிப் மாட்டியிருக்கும். அதைக் கழற்றுவதற்கென்றே மூக்குப் பிளையர் உண்டு. இவர் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். கிளிப் பறந்து போய்ப் பக்கத்து வீட்டு காந்திமதி அக்கா வாசலில் விழுந்தது. அதற்கே முகத்தில் அப்படி ஒரு பெருமை.

தட்டியதும் அந்த பேரிங் வந்துவிட்டது. அதே கேசிங்கில் இருந்த இன்னொரு பேரிங் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். கறுத்துப்போன எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் அதே மாதிரி வளைவு தெரிந்தது.

"என்னங்க, இதுலயும் ஒரு கிளிப் இருக்கு பாருங்க."

"அது கிளிப் இல்ல. கேசிங்கோட டிசைனே அப்படித்தான்."

"பிளையர் மாட்டற மாதிரி ரெண்டு ஓட்டை தெரியுதே?"

"வீடியோல ஒரு கிளிப்தான். இன்ஜினியரிங் படிச்சது நீயா, நானா?"

அவர் படித்தது கம்ப்யூட்டர். சுத்தியலை எடுத்து அடித்தார். அசையாததால் இன்னும் ஓங்கி அடித்தார். டப்பென்று சத்தம் மாறியது. கேசிங்கில் விரல் நீளத்துக்கு விரிசல். பேரிங் இருந்த இடத்திலேயே இருந்தது. டிசைனும் இருந்தது.

"கேசிங்கே மட்டமான சரக்கு," என்றார், என் நல்ல டவலில் கையைத் துடைத்துக்கொண்டே. "விடு. உனக்கு எதுக்கு தனி வண்டி? பழையபடி நானே டிராப் பண்றேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் துளி வருத்தம் இல்லை. நிம்மதிதான் இருந்தது. உடைந்த கேசிங்கைவிட அந்த நிம்மதிதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் காலை அவர் ஷூ மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நான் அவருடைய பைக்கில் உட்கார்ந்திருந்தேன். கேசிங்கைத் துணிப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தேன்.

"இறங்கு, ஜெனி. இது கியர் வண்டி. உனக்கு ஓட்டத் தெரியுமா?"

காலேஜ் படிக்கும்போதே அண்ணன் வண்டியை ஓட்டியவள் நான். கல்யாணமான நாளிலிருந்து இவர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

"தெரியும். இத சின்னப்பன்கிட்ட குடுத்துட்டு ஆபீஸ் போறேன். என் வண்டி ரெடியாகற வரைக்கும் நீங்க டிரெயின்ல போங்க."

"முதல்ல கிளட்ச்சை..." என்று ஆரம்பித்தார்.

முதல் கியரைப் போட்டேன்.