சீம்பால்

பழங்கால ஐஸ்லாந்தில் அந்த வருடம் வைக்கோலும் இல்லை, மீனும் இல்லை. ஹல்பேராவுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. படகுக்குத் தார் பூசிக்கொண்டிருக்கும் கணவன் ஓட்கெல் வந்தால் பிள்ளையைப் பனியில் போட்டுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாய் பால் குடித்துவிட்ட பிள்ளையை வெளியே போடக்கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால் கொடி அறுத்த கையோடு குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டாள். அது குடித்தது.

பிரசவம் பார்த்த மாமியார் அஸ்னி பிள்ளையைப் பிடுங்கி அதன் வாயைத் துடைத்தாள். அதற்குள் ஓட்கெல் வந்துவிட்டான்.

“என்ன பிள்ளைம்மா?”

“மறுபடியும் பொண்ணுதான்டா. உன் பொண்டாட்டிக்கு வேற என்ன பெக்கத் தெரியும்? இன்னும் வாயில ஒண்ணும் வைக்கல.”

“பொய்ங்க! உங்கம்மா கண்ணு முன்னாலதான் பால் குடிச்சா!”

“பெத்த மயக்கத்துல உளர்றா. நீ தூக்குடா.”

தூக்கினான். குழந்தை விக்கி, அவன் சட்டைக் கையில் மஞ்சளாகச் சீம்பாலைக் கக்கியது. ஓட்கெல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஹல்பேரா அவன் முகத்தைப் பார்த்தாள்.

“வெறும் எச்சில்” என்று சொல்லி, கையைத் துடைத்துவிட்டுப் பிள்ளையோடு கதவைத் திறந்தான்.