பேராசிரியர் டிஸ்டல்காம்பின் உயரம்

கெல்சென்கிர்ச்சன் நகரில் வசிக்கும் இசையமைப்பாளர் பேராசிரியர் வோல்க்மார் டிஸ்டல்காம்ப், 2016 ஒக்டோபர் எட்டாம் திகதி மாலை ஏழரை மணிக்கு ஒரு மீற்றர் எண்பத்தொன்பது சென்ரிமீற்றர் உயரமாக இருந்தார். ஒன்பதரை மணிக்கு ஒரு மீற்றர் எண்பத்தெட்டு. இடையில் நடந்தது ஒன்றுதான். 'பதினொரு பேர்' என்ற அவருடைய புதிய படைப்பு முதன்முறையாக வாசிக்கப்பட்டது, சபை எழுந்து நின்று கைதட்டியது. அதன் பிறகு அது எந்த ஊரில் வாசிக்கப்பட்டாலும், கைதட்டல் ஓய்ந்ததும் அவர் ஒரு சென்ரிமீற்றர் குறைந்தார். அவர் அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஸ்டுட்கார்ட்டில் வாசித்த அன்று அவர் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று மேசை கொஞ்சம் உயர்ந்துவிட்டதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. இதைச் சொல்லாமல் மற்றதை எழுத முடியாது. இந்த நகரத்துத் தமிழர்களான எங்கள் வெட்கமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விமலநாதனின் அகதி விண்ணப்பம் 1999ஆம் ஆண்டு மறுக்கப்பட்டு, குடும்பத்தைத் திருப்பி அனுப்பக் கடிதம் வந்தபோது, வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் கூடவே போனவர் இந்தப் பேராசிரியர்தான். விமலநாதன் அவர் படிப்பித்த இசைக் கல்லூரியின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்த ஒரு பழக்கத்துக்காக ஒரு பேராசிரியர் அன்றைய வேலையை விட்டுவிட்டு அலுவலக நடையில் நான்கு மணி நேரம் குந்தியிருந்தார். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தால் அந்தக் குடும்பம் தப்பியது. அடுத்த ஆறு வருடங்களில் இன்னும் ஒன்பது குடும்பங்களுக்கு அவர் கடிதம் எழுதினார். எங்கள் கோயில் மண்டபத்தில் அவருடைய படம் மாட்டப்படாததற்குக் காரணம் அவர் படம் எடுக்கச் சம்மதிக்காததுதான்.

அன்று அந்த நடையில் விமலநாதனின் மகள் சுபானியும் இருந்தாள். எட்டு வயது. அப்பாவுக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்று ஜேர்மன் மொழியைத் தமிழாக்கித் தமிழை ஜேர்மனாக்கும் வேலை அவளுடையது. சுவரில் எண் பலகை ஒன்று இருந்தது. எண் மாறும் ஒவ்வொரு முறையும் அது இரண்டு சுரங்களில் ஒலித்தது. இரண்டாவது சுரம் சற்றுத் தாழ்ந்து, அலுத்துப்போன குரலாக இருந்தது. எல்லோரும் தலையை நிமிர்த்தித் தங்கள் கையிலிருந்த எண் துண்டைப் பார்ப்பார்கள், பிறகு தலையைக் குனிவார்கள். பேராசிரியருக்கும் அந்த ஒலி கேட்டது. ஆனால் அவருக்கு அது ஒரு மணிச் சத்தம், அவ்வளவுதான். சுபானிக்கு அப்படி இல்லை என்பது பதினான்கு வருடம் கழித்துத் தெரிந்தது.

அதற்கிடையில் பேராசிரியர் அவளுக்கு இலவசமாகவே இசையமைப்பு சொல்லிக்கொடுத்தார். இருபத்திரண்டாவது வயதில், பதினொரு தந்தி வாத்தியங்களுக்கான ஒரு படைப்பைப் பென்சிலால் எழுதி அவரிடம் கொடுத்தாள். அந்த இரண்டு சுரம் ஒலிக்க ஒலிக்க ஒவ்வொரு வாத்தியமாக எழுந்து வாசிக்கும். பதினோராவது ஆள் வில்லைக் கையில் பிடித்தபடி கடைசிவரை காத்திருப்பார், அவருடைய எண் வராது. பேராசிரியர் இரண்டு வாரம் அதை வைத்திருந்தார். பிறகு, இது இன்னும் கனியவில்லை, தாள்களை எறிந்துவிட்டேன், புதிதாகத் தொடங்கு என்றார். அவளிடம் வேறு பிரதி இருக்கவில்லை. மூன்று வருடமாக அவருக்குச் சொந்தமாக ஒரு வரியும் வரவில்லை என்பதும், நானும் அந்த நடையில் குந்தியிருந்தவன்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் அவரே பின்னாளில் சொன்னவை. சுபானி இசையை விட்டாள். காது கேட்கும் கருவி பொருத்தும் தொழிலுக்கு மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

முதல் அரங்கேற்றத்துக்கு எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் பேராசிரியர் அழைப்பு அனுப்பியிருந்தார். முதல் இரண்டு சுரம் ஒலித்தபோதே சுபானி பக்கத்தில் இருந்த அப்பாவின் கையைப் பிடித்தாள். வெளியே வந்ததும், இது நான் எழுதியது என்றாள். விமலநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வாயை மூடு பிள்ளை. அந்த மனிசன் இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு இஞ்சை இருந்திருக்க மாட்டம்."

கோயில் தலைவர் மகேந்திரராஜா, படிப்பை இடையில் விட்ட எரிச்சலில் பிள்ளை கதைக்கிறாள் என்றார். வெள்ளைக்காரர் ஒருவர், அதுவும் பேராசிரியர், எங்கள் பிள்ளையிடமிருந்து களவெடுக்க என்ன இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம். இதைக் கேட்கும்போது எங்களுக்குக் கொஞ்சமும் கூச்சம் வரவில்லை. சுபானி அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோயிலுக்கு வருவதையும் விட்டாள்.

'பதினொரு பேர்' பெரும் பெயர் எடுத்தது. பத்திரிகைகள் அதில் மேற்கு உலக மனிதனின் தனிமையைக் கண்டுபிடித்தன. 2020 தொடக்கத்துக்குள் அது முப்பத்தொரு முறை வாசிக்கப்பட்டு, பேராசிரியர் ஒரு மீற்றர் ஐம்பத்தெட்டுக்கு வந்திருந்தார். வைத்தியர்கள் எலும்பைப் பார்த்தார்கள், முள்ளந்தண்டைப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை என்றார்கள். கொரோனாக் காலத்தில் மண்டபங்கள் பூட்டப்பட்டதால் இரண்டு வருடம் அவர் ஒரு மில்லிமீற்றரும் குறையவில்லை. எசன் நகரில் ஒரு நிபுணர் அதைத் தான் கொடுத்த விற்றமினின் வெற்றி என்று கட்டுரை எழுதினார். மண்டபங்கள் திறந்தன, அவர் மறுபடியும் குறைந்தார். பியானோ மிதியைக் கால் எட்டாதபோது, சிறுபிள்ளைகளுக்கான மிதிக்கட்டை ஒன்றைக் காப்புறுதி நிறுவனம் அனுப்பிவைத்தது. மாணவர்கள் முதலில் திகைத்து, பிறகு பழகிக்கொண்டார்கள். அவருடைய கோட்டுகள் கல்லூரியின் உயரமான மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

எங்கள் மகேந்திரராஜா இதைக் கண்ணூறு என்று முடிவு செய்தார். உலகமே கண் வைத்தால் மனிதர் தேயாமல் என்ன செய்வார் என்றார். பேராசிரியர் பேரில் அர்ச்சனை செய்து, 2023 ஜூன் மாதம் கோயில் மண்டபத்தில் கௌரவிப்பு விழா வைத்தோம். வாழ்த்துரையை எழுதி வாசித்தது நான். 'பதினொரு பேர்' என்ற அழியாப் படைப்பைத் தந்த பெருந்தகையே என்று அதில் நான்கு இடத்தில் வரும். பொன்னாடை போர்த்தப் பழைய மாணவிதான் பொருத்தம் என்று சுபானியை வற்புறுத்திக் கூட்டி வந்தார்கள். அவள் வந்தாள். அப்போது அவர் ஒரு மீற்றர் நாற்பத்தொன்று. அவள் குனிந்து போர்த்தினாள், அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. முந்நூறு பேர் கைதட்டினோம். எல்லோர் கண்ணுக்கும் முன்னாலேயே அவர் ஏழு சென்ரிமீற்றர் இறங்கினார். மாலை முழங்காலுக்குக் கீழே போனது, பொன்னாடையின் ஓரம் நிலத்தைத் தொட்டது. பாவம், நல்லாய் வாடிப்போனார் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் வடையும் கேசரியும் சாப்பிட்டோம்.

அவருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று கண்டுபிடித்தது கொறற்றி. மன்னார்க்காரி, கிழமையில் இரண்டு நாள் அவருடைய வீட்டைத் துப்புரவு செய்பவள். விழாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் கதிரையில் ஏற முயன்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, சுபானியின் தாய் சுந்தரேஸ்வரிக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"சுந்தரேஸ்வரி அக்கா, உவருக்கு வருத்தமுமில்லை ஒண்டுமில்லை. உவர் கூனிக் குறுகிறார்."

ஜேர்மன் வைத்தியர்களை இதற்குக் குறைசொல்ல முடியாது. வெட்கப்பட்டால் ஆள் குறுகும் என்று அவர்களுடைய மொழியில் இல்லை. எங்களுடைய மொழியில் இருந்தது, நாங்கள்தான் யோசிக்கவில்லை. கொறற்றி அவரிடமும் அதைத் தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னாள். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் உண்டு ஐயா, மருந்து குளிசை கிடையாது, யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அவர் அவளைத் திட்டவில்லை. அப்படியும் சொல்ல அவருக்கு இன்னும் பதினேழு மாதம் தேவைப்பட்டது.

ஐம்பதாவது முறையாக 'பதினொரு பேர்' வாசிக்கப்பட்டது 2024 நவம்பரில், கெல்சென்கிர்ச்சனில்தான். ஆறாவது, ஏழாவது வரிசைகளில் நாங்கள் பூச்செண்டோடு இருந்தோம். சுபானி கடைசி வரிசையில் இருந்தாள். அழைப்பிதழில் அவர் தன் கையால் 'தயவுசெய்து வா' என்று எழுதியிருந்தாராம். வாத்தியக்காரர்கள் வந்து அமர்ந்ததும் பேராசிரியர் மேடைக்கு வந்தார். ஒரு மீற்றர் முப்பத்து மூன்று. இசை நடத்துனர் நிற்கும் பெட்டிமேல் ஏறி, கையிலிருந்த பழுத்த தாள்கட்டை உயர்த்திக் காட்டினார். பென்சில் எழுத்து.

இதை எழுதியவர் சுபானி விமலநாதன், இதில் நான் எழுதியது முதற் பக்கத்தை மட்டும், அதில் என் பெயர் மாத்திரமே இருக்கிறது என்றார். ஒருவரும் கைதட்டாததால் அவர் குறையவும் இல்லை.

சுபானி எழுந்து நடைபாதை வழியாக மேடைக்குப் போனாள். அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் நடத்துனரிடம் ஜேர்மன் மொழியில், மூன்றாம் பகுதியை எட்டு வருடமாகப் பிழையாக வாசிக்கிறீர்கள், அவ்வளவு வேகம் கூடாது, அந்த இடத்தில் ஒருவருக்கும் போக வேறு இடம் இல்லை என்றாள். பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பி, தாள்களைத் தாருங்கள் என்றாள். அவர் கொடுத்தார். அவள் சொன்ன வேகத்தில் வாசித்தார்கள். அதே இசைதான், ஆனால் அன்று எனக்கு மூச்சு முட்டியது.

பேராசிரியர் மறுபடியும் வளரவில்லை. இன்றும் ஒரு மீற்றர் முப்பத்து மூன்றுதான், சரியாக அந்த அளவில் நின்றுவிட்டார். கல்லூரி வேலையை விட்டுவிட்டு, கேட்டு வருகிறவர்களுக்கு வீட்டில் படிப்பிக்கிறார். கொறற்றி இப்போதும் கிழமையில் இரண்டு நாள் போகிறாள்.

ஆனால் அன்று இரவு இன்னொன்றும் நடந்தது. சுபானியின் இசை முடிந்ததும் நாங்கள் எழுந்து நின்று, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினோம். ஓய்ந்து பார்த்தபோது எங்கள் காற்சட்டைகள் சப்பாத்துகளை மூடியிருந்தன, பெண்களின் சேலைகள் நிலத்தில் இழுபட்டன. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. திராம் வண்டியில் வீடு திரும்பும்போது மேலே தொங்கும் பிடி பலருக்கு எட்டவில்லை. மகேந்திரராஜா ஆறு சென்ரிமீற்றர் போயிருந்தார். எனக்கு நான்கு. அந்த வாழ்த்துரைக்கு நான்கு காணாது என்று எனக்கே தெரியும். விமலநாதனுக்குத்தான் அதிகம், பதினான்கு.

மறுநாள் மத்தியானம் விமலநாதன் மகளின் வீட்டு வாசலில் போய் நின்றார். மணி அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை," என்றார். "நீ கையைப் பிடிக்க முதலே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உன்னை வாயை மூடச் சொன்னனான்."

சுபானி அவரைப் பார்த்தாள். இவ்வளவு காலமும் அவள் அண்ணாந்து பார்த்த முகம் இப்போது அவளுடைய கண்ணுக்குக் கீழே இருந்தது.

"உள்ளை வாங்கோ அப்பா," என்றாள். "முதல் காற்சட்டையை மடிச்சு விடுங்கோ. தடக்கி விழப்போறியள்."

அவர் வாசலிலேயே குந்தி மடித்தார். இரண்டு மடிப்புப் போதவில்லை. மூன்றாவதையும் மடித்துக்கொண்டு உள்ளே போனார்.