மூன்றும் ஒப்புக்கொண்ட மடிப்பு

ஆய்வகத்தில் ஸுல்மாவுடன் வாதாட ஒருவரும் இல்லை. ஜனவரிக் கோடை விடுமுறையில் மான்டிவிடியோ நகரமே கடற்கரையில் கிடந்தது. அவளுக்குத் துணை, திரையில் இயங்கிய மூன்று செயற்கை நுண்ணறிவு நிரல்கள் மட்டுமே. மாட்டுண்ணியின் புரதம் ஒன்று எவ்வாறு மடிந்திருக்கும் என்று கணிப்பது அவற்றின் பணி. முதலாவது, அதை ஒத்த பிற உயிர்களின் புரதங்களைத் திரட்டும். இரண்டாவது மடிப்பை வரையும். மூன்றாவது குறை காணும். மூன்றையும் ஒருங்கிணைத்தவள் அவளே. மாலைக்குள் அவள் அனுப்பும் வடிவத்தை நம்பித்தான் உண்ணியிலிருந்து கன்றுகளைக் காக்கும் தடுப்பூசி உருவாகவிருந்தது.

குறை காண வேண்டிய நிரலோ ஒரு வாரமாக, "முழு உடன்பாடு" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. முதலில் மகிழ்ந்தவள் இப்போது அதையே சந்தேகித்தாள்.

எதற்கும் எளிதில் ஒப்பாத ஒவிதியோ, எதிர் நாற்காலியில் நெடுங்காலம் அவளுடன் பணியாற்றியவர். ஓய்வுபெற்ற அன்று, அவள் நீட்டிய மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவையை உறிஞ்சித் திருப்பித் தந்து, "நன்றி" என்றார். ஒரே குடுவையை மாறி மாறிப் பகிர்கையில், இனிப் போதும் என்பவர் மட்டுமே சொல்லும் சொல் அது. சொன்னவருக்கு மறுபடி யாரும் ஊற்றுவதில்லை. அவளும் அதன்பின் அவரை அழைத்ததில்லை.

இன்று அழைத்தாள்.

"இருக்கியா? உன் கம்ப்யூட்டர் பசங்க உன்ன முழுங்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

"ஒரு படம் பாக்கணும், ஒவிதியோ. மூணுமே சரிங்குது, ஏன்னா புரதத்துல வளைஞ்சு நிக்கிற அந்த வளையம்..."

"நிறுத்து. நீ சொன்னதக் கேட்டுட்டா என் கண்ணும் அதத்தான் பாக்கும். படத்த மட்டும் அனுப்பு."

ஸுல்மாவுக்குச் சட்டென்று உறைத்தது. வேலை விரைந்து முடியட்டும் என்று, மூன்றாவது நிரலுக்குப் படத்தோடு இரண்டாவதன் விளக்கத்தையும் அவளே கொடுத்துவந்திருந்தாள். படத்தை அவருக்கு அனுப்பிவிட்டு, விளக்கத்தை நீக்கி அந்நிரலை மீண்டும் ஓடவிட்டாள். தொலைபேசியில் கோழிகளின் சத்தம் கேட்டது.

"வளையம் எப்படி வெளியில தொங்கும்? தண்ணியக் கண்டாலே உள்ள ஓடி ஒளியுற ரகமாச்சே அது," என்றார் ஒவிதியோ.

சற்று நேரத்தில் திரையில் மூன்றாவது நிரலும் அதே மறுப்பைச் சொன்னது. வடிவம் இன்று வராது என்று தடுப்பூசிக் குழுவினருக்கு எழுதினாள்.

நன்றி என்று சொல்ல நா எழுந்தது, விழுங்கிக்கொண்டாள்.

"நாளைக்கும் ஒண்ணு அனுப்புறேன்."

"அனுப்பு. ஆனா வாயத் தொறக்காத."

அழைப்பு நின்றது. எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. ஸுல்மா மாத்தேக் குடுவையில் மறுபடி வெந்நீர் ஊற்றினாள்.