மழை நாள் கட்டுரை

கொலோனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆறாம் வகுப்புக் கேள்வித்தாளை அந்த வருடம் நானும் குமுதினியும் தயாரித்தோம். எங்கள் இருவரின் மகள்களும் அதே வகுப்புத்தான். பிள்ளைகளிடம் மூச்சுவிடுவதில்லை என்று அவளுடைய சமையலறையில் கையடித்துக்கொண்டோம். முதலில் கையை நீட்டியவள் அவள்.

கட்டுரைக்கு 'மழை நாள்' என்று வைத்தோம். தலைப்பு அவளுடையது. அகதி முகாமிலிருந்து முதன்முதலாக வெளியே போன நாளில், கம்பி முறிந்த குடையைத் தொப்பிபோல் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்ததைச் சொல்லிச் சிரித்தாள்.

பரீட்சைக்கு முந்திய வாரம் முழுவதும் என் மகள் மிதுசா பொங்கல் கட்டுரையைப் பாடமாக்கினாள்.

"அம்மா, பொங்கல்தானே வரும்?"

"எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் படியுங்கோ."

பொங்கல் விழாவில், முதற்பரிசு பெற்ற கட்டுரையைக் குமுதினியின் மகள் மேடையில் வாசித்தாள். கம்பி முறிந்த குடை வந்தது. தொப்பியும் வந்தது. மிதுசா ஒரு பக்கம்கூட நிரப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். தாள்களை நாங்கள் இருவரும் பாதிபாதியாகத் திருத்தியபோது அவளுடையது என் பங்கில் வந்தது.

மண்டபத்தின் பின்னால் குமுதினி பலகாரத் தட்டில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்குச் சொன்னீங்களோ?"

"ஓம்." அவள் முகத்தில் வெட்கமில்லை, வியப்புத்தான் இருந்தது. "நீங்கள் சொல்லேலையோ அக்கா?"

"கையடிச்சனாங்கள் எல்லோ!"

"ஐயோ, அது சும்மா. நீங்களும் சொல்லுவீங்கள் எண்டுதான் நினைச்சன். நான் சொல்லாமல் விட்டிருந்தால் என்ர பிள்ளையெல்லோ பின்னுக்கு நிண்டிருக்கும்?"

அவளுடைய கணக்கில் பிழை இல்லை. என்னை அவள் ஏமாற்றவே இல்லை. தன்னைப்போலத்தான் நானும் என்று நம்பியிருக்கிறாள். அதுதான் என்னைச் சுட்டது. நான் சொல்லியிருந்தால் ஒருவரும் அறிந்திருக்கமாட்டார்கள். பிறகு யாருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்? நல்லவளாக இருப்பதிலுள்ள சுகத்துக்காகவா? அதற்கு என் பிள்ளையா விலை?

திரும்பியபோது கதவருகில் மிதுசா நின்றாள்.

ட்ராமில் அவள் என் பக்கத்தில் அமர்ந்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. தெரியாது எண்டு பொய் சொன்னீங்கள்."

"ஓம்."

"நான் பிழையானதைப் பாடமாக்கிறதைப் பாத்துக்கொண்டு இருந்தீங்கள்."

"ஓம் பிள்ளை."

"அடுத்த வருசம் சொல்லுவீங்களோ?"

ஆம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவள் என் தோளில் சாய்ந்திருப்பாள்.

"என்னால ஏலாது."

அவள் எழுந்து எதிர் இருக்கையில் போய் அமர்ந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இறங்குமிடம் வரும்வரை என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.