கிளிப் மனிதர்கள்

1988இல் நீர்வேலிப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் வேலை என்று எதுவும் இருக்கவில்லை. பாதை பூட்டிக் கிடந்தது, சாமான் வருவதில்லை. ஆனாலும் எழுதுவினைஞர் அருந்ததியும் மனேச்சர் ஏரம்புவும் காலையில் வந்து கையெழுத்திட்டு, பின்னேரம் வரை இருக்கத்தான் வேண்டும்.

அலுப்புத் தாங்காமல் அருந்ததி காகிதக் கிளிப்புகளை வளைத்து மனிதர்களைச் செய்யத் தொடங்கினாள். அழிறப்பரில் மேசை, காபன் தாளில் சட்டை. ஒருவன் வாயில் கை வைத்துக் கொட்டாவி விட்டான். இன்னொருவன் வெறுந்தாளில் முத்திரை குத்தினான். கடைசி மேசையில் ஒருவன் தலை சாய்த்துத் தூங்கினான். அது மனேச்சர். அவர் கண்ணில் படாமல், எல்லாரையும் ஒரு பெட்டி மூடியில் ஒட்டி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தாள்.

சுற்றிவளைப்பு நடந்த அன்று இந்திய ராணுவத்தினர் கந்தோருக்குள் வந்து லாச்சிகளை இழுத்துக் கொட்டினார்கள். அதிகாரி அந்த மூடியை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். வரிசையாகக் கறுப்புச் சட்டைகள், கம்பிகள். இது எந்த முகாம், செய்யச் சொன்னது யார் என்று அவர் கேட்டதைத் தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் சொன்னான்.

இது எங்கள் கந்தோர்தான், சும்மா இருக்க அலுப்பாக இருந்தது, அதனால் செய்தேன் என்றாள் அருந்ததி. அதிகாரியின் முகம் மாறவில்லை. கடைசி மேசைக்காரனைத் துப்பாக்கி முனையால் தொட்டு, இங்கே செத்துக் கிடப்பவன் யார் என்று கேட்டார்.

பெயரைச் சொன்னால் மனேச்சரைக் கொண்டுபோய்விடுவார்கள். சுவரோரம் கைகளை உயர்த்தி நின்ற ஏரம்பு அப்போதுதான் அந்த மூடியை எட்டிப் பார்த்தார்.

“அது நான்தான் ஐயா. சாகேல்லை. மத்தியானத்திலை நான் உப்பிடித்தான் படுக்கிறனான்.”

படுத்துக் காட்டச் சொன்னார்கள். ஏரம்பு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தன் மேசையில் கன்னத்தைச் சாய்த்தார். அவர் பிடரிக்குப் பக்கத்தில் துப்பாக்கிக் குழல் நின்றது. அருந்ததியால் கண்ணை மூடவும் முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு சிப்பாய் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. மூடியை நிலத்தில் போட்டுச் சப்பாத்துக் காலால் மிதித்துவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் போனார்கள்.

ஏரம்பு அசையவில்லை. அருந்ததி கிட்டப் போய்க் குனிந்தாள். அவர் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“போயிட்டாங்களோ பிள்ளை?” கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“ஓம் ஐயா. போயிட்டாங்கள்.”

அதற்குப் பிறகும் அவர் தலையைத் தூக்கவில்லை. ஒழுங்கை நெடுக ராணுவத்தினரைப் பார்த்துக் குரைத்த நாய்களின் சத்தம் அடங்கும்வரை அவள் அவர் பக்கத்திலேயே நின்றாள்.